நிழல் இறங்கும் வளைவு

நாலுவழிச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டி லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போன பிறகு வந்த முதல் கோடையில், வெயிலுக்கு ஒதுங்க ஓர் இலைகூட இல்லாமல் கோட்டூரணி ஊரே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில், ஊருக்கு மேற்கே பைபாஸ் வளைவில், பையன்களின் நிழல்கள் வண்டியைவிட்டு இறங்கிக்கொள்ள ஆரம்பித்தன. கடலைமிட்டாய் கம்பெனிக்கு இந்தச் சேதி வந்தபோது செண்பகவல்லி பாகுச் சட்டியிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் மகனிடம் அப்போது வண்டி கிடையாது.

முதலில் இறங்கியது பால்காரர் அய்யலுச்சாமியின் மகன் கோகுலின் நிழல். புது வண்டியை அவன் முறுக்கிய முறுக்கில் அது கொஞ்ச தூரம் அவன் பின்னாலேயே இழுபட்டு, பாகுக் கம்பி நீளுகிற மாதிரி நீண்டு நீண்டு, கடைசியில் அறுந்து, பஸ்ஸைத் தவறவிட்ட ஆளைப்போல ரோட்டோரத்தில் நின்றுவிட்டது. பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த கருத்தப்பாண்டி, "ஆத்தாடி, என்னா வேகம்!" என்றாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. வேகமாகப் போனால் தொப்பி பறக்கிறது, துண்டு பறக்கிறது, நிழல் மட்டும் பறக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? பொழுது சாய்கிற நேரத்தில் அந்த நிழல் தானாகவே கிளம்பி, ரோட்டு ஓரமாக நடந்து ஊருக்குள் வந்து, எப்போதோ வீட்டுக்கு வந்து தோசை தின்றுகொண்டிருந்த கோகுலின் காலடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

அதற்கப்புறம் ஊர்ப் பையன்களுக்கு வேறு நினைப்பே இல்லை. யாருடைய நிழல் சீக்கிரம் அறுகிறது, யாருடைய நிழல் வீடுவந்து சேர அதிக நேரம் ஆகிறது என்பதுதான் பேச்சு. நிழலோடு திரும்பி வருகிறவனைப் பார்த்து, "என்னலே, நெழலயும் டபுள்ஸ் ஏத்திட்டு வாரியா?" என்று கேலி பேசினார்கள். கேலிக்குப் பயந்தே காலை வெயிலில் வளைவைத் தாண்டுகிற வண்டிகளெல்லாம் காதைக் கிழித்துக்கொண்டு போயின, போகிற ஒவ்வொன்றும் ரோட்டோரத்தில் கறுப்பாக ஒன்றை உதிர்த்துவிட்டுப் போனது.

பெரியவர்கள் கண்டித்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். ஆளின் நிழலுக்கும் மரத்தின் நிழலுக்கும் நம் பாஷையில் ஒரே பெயர்தான். பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வதில் கோட்டூரணிக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. வேகத்தில் இழுபட்ட நிழல் உச்சி வெயிலிலும் சுருங்குவதில்லை, கடிகார முள்ளைப்போலச் சூரியனோடு சேர்ந்து மெல்லச் சுற்றிவரும், அவ்வளவுதான். கருத்தப்பாண்டி தன் தள்ளுவண்டியை அதற்குள் நிறுத்தி, அது நகர நகர வண்டியையும் நகர்த்திக்கொண்டார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஒதுங்கினார்கள், ஆடு மேய்க்கிறவர்கள் கஞ்சியைப் பிரித்தார்கள், மூன்று நான்கு பையன்களின் நிழல் சேர்ந்து விழுந்த இடத்தில் ஒரு சீட்டுக்கச்சேரியே நடந்தது. "நெழலடி எல்லாம் எறங்கு" என்று கண்டக்டர்கள் குரல் கொடுக்கத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் "கழுத்த முறிச்சிக்கிடாதலே" என்று கத்திய வாய்கள், ஒரு பையன் வீட்டில் சும்மா இருப்பதைப் பார்த்தால், "ஏம்ப்பா, இன்னிக்கு வண்டி எடுக்கலையா? வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துதே" என்று கேட்டன.

ஒரு நாள் மத்தியானம், பால் ஊற்றி முடித்துவந்த அய்யலுச்சாமி மகனின் நிழலிலேயே உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். கருத்தப்பாண்டி வானத்தையும் தரையையும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உங்க மகன் நெழலு மட்டும் அசையாம நிக்கி. நல்லதாப் போச்சு, வண்டிய நகத்துற வேல மிச்சம்" என்று சிரித்தார். அய்யலுச்சாமியும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் சேதி வந்துவிட்டது. ரோட்டோரம் நின்ற சரக்கு லாரியின் பின்பக்கத்தில் கோகுல் போய் மோதியிருந்தான், தலைக்கவசம் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து கோகுலின் நிழல் நகரவே இல்லை. மற்ற நிழல்கள் பொழுது சாய்ந்து வீட்டுக்குக் கிளம்பும்போது அது மட்டும் அங்கேயே கிடந்தது. அதற்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று பிளெக்ஸ் கட்டினார்கள், பையன்கள் எல்லாரும் அதில் தங்கள் படத்தையும் போட்டுக்கொண்டார்கள், காரியம் முடிகிறவரை வண்டிகள் முனகிக்கொண்டு போயின. யாரும் அந்த நிழலை மிதிக்கவில்லை, சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள். பிறகு அக்கினி நட்சத்திரம் பிறந்தது. எத்தனை நாளைக்குத்தான் மரியாதை வெயிலில் நிற்கும்? யாரோ ஒருவர் ஓரமாகக் குந்தினார், அடுத்த வாரம் நினைவுப் பெஞ்சு என்று சிமெண்டில் ஒன்றைக் கட்டியே விட்டார்கள். நகராத நிழல், மற்றதைவிடக் குளிர்ச்சி. பையன்களும் மறுபடி முறுக்க ஆரம்பித்தார்கள்.

அய்யலுச்சாமி தினமும் அங்கே வந்து உட்கார்ந்தார். "புள்ள நெழல்ல காலத்தக் கழிக்கணும்னுதான எல்லாருஞ் சொல்லுவாக. நான் கழிக்கேன்" என்பார்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் செண்பகவல்லி மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தாள். மாரீஸ்வரன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்றான், மஸ்கட்டிலிருந்து அவன் அப்பா போனில், "எல்லாப் பயலும் வச்சிருக்கான், குடுத்துத் தொலை" என்றார். பெற்ற வயிறு எத்தனை வேளைதான் தாங்கும்? லைசென்ஸ் எடுக்க அவனுக்கு வயது பத்தாது, அதனால் வண்டி அப்பா பேரில் வந்தது. கோயில் வாசலில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை அவளேதான் வைத்தாள். அது நசுங்கிய சத்தத்தில், வயது பத்தாத குறையெல்லாம் அதோடு சேர்ந்து நசுங்கிவிட்டதுபோல அவளுக்கு ஒரு தைரியம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் மாரீஸ் செய்த முதல் வேலை, வண்டியின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் கழற்றி அலமாரியில் போட்டதுதான். கண்ணாடி இருந்தால் வண்டிக்கு லட்சணம் இல்லையாம்.

"போயிட்டு வர்றேன்மா" என்று அவன் கிளம்பும்போதெல்லாம், "முழுசா வாய்யா" என்பாள். அவன் வந்தான், முழுசாக வரவில்லை. அவன் கைகழுவி, சாப்பிட்டு, செல்போனை நோண்டிக்கொண்டிருக்கும்போது அவனுக்கடியில் தரை வெறிச்சென்று கிடக்கும். அவள் வாசலிலேயே நிற்பாள். தெரு விளக்கு போடுகிற நேரத்தில் அது வந்து சேரும், புழுதி படிந்து, ஒரு காலைத் தாங்கித் தாங்கி. சத்தமே கேட்காது, ஆனாலும் பெற்றவளுக்குத் தெரியாதா? செம்பில் தண்ணீர் வைத்துப் பார்த்தாள். அது குடிக்காது, நேரே போய் அவன் காலடியில் விழுந்து கிடக்கும். நாளுக்கு நாள் அது வந்து சேர நேரமானது. அவள் சாவியை அரிசிப்பானையில் ஒளித்துவைத்தாள், அவன் எடுத்துவிட்டான். அழுது பார்த்தாள். "எல்லாருந்தானம்மா போறாங்க, எனக்கு மட்டும் என்ன ஆயிரப் போகுது" என்றான். கோகுலும் அவன் அம்மாவிடம் இதையேதான் சொல்லியிருப்பான் என்று வாய்வரை வந்ததை, சொன்னால் பலித்துவிடும் என்று பயந்து விழுங்கினாள்.

அன்று காலை ஒரு முடிவோடு எழுந்து, அலமாரியிலிருந்த கண்ணாடிகளை எடுத்து வண்டியில் மாட்டப் போனாள். ஒன்றின் மரையைக் காணோம். மற்றதை மாட்டித் திருகிவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"அசிங்கமா இருக்கும்மா. ஒத்தக் கண்ணாடி வச்சிட்டுப் போனா பயலுவ சிரிப்பானுங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். கண்ணாடி இல்லாம சாவி கெடையாது."

தெருமுனையில் கூட்டாளிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பகலெல்லாம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் டோல்கேட்டைத் தொட்டுவிட்டு யார் முதலில் திரும்புகிறார்கள் என்று பந்தயம். அது தெரிந்திருந்தால் அவள் சாவியை விழுங்கியே இருப்பாள். தெரியாததால், அவன் முகத்தைச் சுளித்துச் சரியென்றதும் கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் கம்பெனியில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்தபோது, பைபாஸ் பக்கமிருந்து வேலைக்கு வருகிற ராஜகனி சொன்னாள், "மதினி, உம் மகன் நெழலு என்னமா கனமா, குளுகுளுன்னு இருக்கு! இப்பக்கூட அதுல உக்காந்துட்டுத்தான் வாரேன். மத்த பயலுவ நெழலெல்லாம் அதுக்கு முன்னால சல்லட." புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். செண்பகவல்லி திறந்த வாளியை அப்படியே வைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் பைபாஸைப் பார்த்து நடந்தாள், பாதி தூரத்துக்கு மேல் ஓடினாள்.

வளைவில் மகனின் நிழல் கிடந்தது. காது மடலும் படியாத முன்முடியும்வரைக்கும் அவனேதான். அவன் வயிற்றின்மேல் கருத்தப்பாண்டியின் தள்ளுவண்டி நின்றது. அவன் கைகளில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். அவன் நெஞ்சில் ஒருவர் தலைவைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க" என்றாள். "எல்லாரும் எந்திரிங்க."

"ஏன் மதினி, நீயும் வா, எடம் கெடக்கு" என்றாள் முறுக்குத் தின்றவர்களில் ஒருத்தி.

"அது எம்புள்ள!"

"ஒம்புள்ள இல்லேன்னு யாரு சொன்னா? அவன் வந்தா எந்திரிச்சிக் குடுத்துருவோம். நெழலு எல்லாருக்கும் பொதுதான?"

குடித்துவிட்டுக் கீழே போட்டிருந்த இளநீர்க் கூட்டை எடுத்து அவள் எறிந்த எறியில் குறட்டை விட்டவர் துள்ளி எழுந்தார். "மரத்த வெட்டும்போது வாய மூடிட்டு இருந்திய! இப்ப எம்புள்ள மேல ஏறி உக்காந்திருக்கிய! இவன் வேகமாப் போனாத்தான ஒங்களுக்குக் குளுமை? எந்திரிங்க!" குரல் உடைந்து, பைபாஸே கேட்கும்படி அழுதாள். பெண்கள் முறுக்குப் பொட்டலத்தோடு விலகினார்கள். கருத்தப்பாண்டி மட்டும் தள்ளுவண்டிக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார், தள்ளவில்லை. மற்ற பையன்களின் நிழல்களை ஒருமுறை பார்த்தார், இதை ஒருமுறை பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தாயி."

"சொல்லுங்க."

"வண்டிய இன்னும் நகத்தல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரொம்ப நேரமாச்சு. நகத்த வேண்டியதே இல்லாமப் போச்சு."

மற்ற நிழல்களெல்லாம் கிழக்கே சாய்ந்திருந்தன. மாரீஸின் நிழல் மட்டும் உச்சிப்பொழுதில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கூட்டத்தில் யாரோ "அய்யோ" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பெஞ்சிலிருந்து அய்யலுச்சாமி எழுந்து வந்தார். அந்த நேரத்தில் அவர் அங்கிருந்து எழுந்து யாரும் பார்த்ததில்லை. ரோட்டோரத்து ஜல்லியில் ஒரு கல்லை எடுத்து, நிழலின் உச்சந்தலை முடிகிற இடத்தில் வைத்துவிட்டுக் குந்தினார். "பாப்பம் தாயி. கல்ல விட்டு நகரும். நகரணும்."

அவள் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டிய கை ஆக்சிலேட்டரில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது, எடுக்க முடியாத கையாக இருக்குமோ என்று தோன்றியதும் போனைக் கீழே வைத்துவிட்டாள். நிழலுக்கு வெளியே, கொதிக்கிற மண்ணில், கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர் முழுக்க வந்து சுற்றி நின்றது, வெயிலில் நின்றது, யாரும் தலைக்குத் துண்டு போடவில்லை. நிழல் கல்லைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. சூரியன் இறங்கியது, நிழல் கல்லைத் தொட்டுக்கொண்டே கிடந்தது. ஓர் ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு தெற்கே போனது, டோல்கேட் திசையில். அதன் சத்தம் ஓய்ந்த பிறகும் செண்பகவல்லியின் கண் கல்லைவிட்டு எடுபடவில்லை.

அப்புறம் அவள் குனிந்தாள். தூங்குகிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற குரலில், நிழலின் காதோரம் பேசினாள்.

"எந்திரிய்யா. தெனமும் நீ வீட்டுக்குத்தான் வார, என்னத் தேடித்தான் வார. இன்னிக்கு வீட்டுக்கு வர வேண்டாம். அவங்கிட்டப் போ. அவன் நிக்க மாட்டான், நீதான் ஓடணும். ஓடிப்போயி அவனக் கூட்டிட்டு வா. அவன் இல்லாம வந்தியோ, வாசப்படி ஏறக் கூடாது, சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கல்லைச் சுற்றிக் கொஞ்சம் வெயில் விழுந்தது. விரலகலம், கையகலம். நிழல் கைகளைத் தரையில் ஊன்றி எழுந்து, எந்தப் பக்கம் என்று தெரியாததுபோல ஒரு நொடி நின்றுவிட்டு, தெற்குப் பக்கம் ரோட்டில் இறங்கி ஓட ஆரம்பித்தது. கூட்டம் முழுவதும் அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தது. செண்பகவல்லி ஒருத்திதான் திரும்பிப் பார்த்தாள். அய்யலுச்சாமி தன் பெஞ்சுக்குத் திரும்பியிருந்தார். அவரும் குனிந்து, அதே குரலில், "எந்திரிய்யா கோகுலு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "எந்திரி ராசா." அந்த நிழல் அசையவில்லை. அவர் ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

கூட்டாளிகளின் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. மாரீஸ் எங்கே என்று கேட்டதற்கு ஒருவனுக்கும் தெரியவில்லை, அவன்தான் எல்லாரையும் முந்திக்கொண்டு போனானாம். அவர்கள் வண்டியை அணைத்துவிட்டுக் கூட்டத்தோடு நின்றார்கள். வெயில் மஞ்சளாகி, லாரிகளின் கண்ணாடியெல்லாம் மின்னத் தொடங்கிய பிறகுதான், ரோட்டு ஓரமாக யாரோ எதையோ தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. ஒற்றைக் கண்ணாடி பளிச்சென்று அடித்தது. தள்ளி வந்தவனின் காலோடு ஒட்டிக்கொண்டு, அவன் நடக்க நடக்க நடந்து, அவன் நிழல் கிழக்கே நீண்டு விழுந்திருந்தது.

செண்பகவல்லி ஓடிப்போய்க் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தலை, தோள், கை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"வண்டி ரிப்பேரா?" என்று கருத்தப்பாண்டி கேட்டார்.

"இல்ல." மாரீஸ் அம்மா பக்கம் திரும்பினான். "டோல்கேட்டு நெருங்கிட்டேம்மா. முன்னால ஒரு லாரி. இடது பக்கமா உள்ள புகுந்து ஏறிரலாம்னு முறுக்குனேன். அப்பத்தான் கண்ணாடில பாத்தேன். அது பின்னால ஓடி வந்துச்சு."

"ஓடி வந்துச்சா?" என்றாள்.

"என்ன மாதிரி ஓடலம்மா. உன்ன மாதிரி ஓடி வந்துச்சு. செருப்பில்லாம, ஒரு கைல சேலயத் தூக்கிப் புடிச்சிட்டு, ஓடத் தெரியாம, விழுந்து விழுந்து எந்திரிச்சு." அவன் அழுதுவிட்டான். "எனக்கு அப்புறம் முறுக்க முடியல. பிரேக்கப் புடிச்சேன். நான் நின்ன பெறகுதான் அந்த லாரி இடது பக்கம் ஒடிச்சுத் திரும்புச்சு."

கூட்டாளிகளில் ஒருவன் தன் வண்டியில் கண்ணாடி இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். கருத்தப்பாண்டி தள்ளுவண்டியை நிழல் கிடந்த இடத்திலிருந்து இழுத்து வெறும் வெயிலில் நிறுத்தினார், காய்களின்மேல் ஒரு சாக்கை நனைத்துப் போட்டார்.

"ஏறிக்கோம்மா. மெதுவாப் போறேன்" என்றான் மாரீஸ்.

"வேண்டாம். லைசென்ஸ் வரட்டும், தலைக்கு ஒண்ணு வாங்கு, அந்த இன்னொரு கண்ணாடிக்கு மரையத் தேடு. அதுவரைக்கும் தள்ளு."

அவன் தள்ளினான். அவள் மறுபக்கம் ஒரு கையைச் சீட்டில் வைத்துக்கொண்டு நடந்தாள். பெஞ்சைத் தாண்டும்போது இரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல வண்டியை வெளியே வளைத்து, கோகுலின் நிழலை மிதிக்காமல் போனார்கள். அய்யலுச்சாமி தலையை நிமிர்த்தி, "மெல்லப் போங்க" என்றார்.

பைபாஸைவிட்டு ஊர் ரோட்டில் திரும்பியதும் வெயில் முதுகுக்குப் பின்னால் போனது. அவர்களின் நிழல் முன்னால் நீண்டு விழுந்து, ஊரைப் பார்த்து, வீட்டைப் பார்த்து நடந்தது. அதைக் கண்டதும் பழக்கதோஷத்தில் மாரீஸின் கால்கள் வேகமெடுத்தன. செண்பகவல்லி சீட்டைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்குய்யா அவசரம்? அது முன்னால போகட்டும். நீ பின்னாலயே வா, முழுசா."